குறுக்களவு

ஜன்னல் அளக்க வருகிறவர்கள் பொதுவாக அகலம் ஒரு தடவை, உயரம் ஒரு தடவை டேப் பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவள் அதோடு விடமாட்டாள். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு, பிறகு மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு என்று குறுக்கே இரண்டு தடவை பிடித்து, நான்கு எண்களையும் நோட்டில் எழுதிய பிறகுதான் ஸ்டூலை விட்டு இறங்குவாள். "பக்கம் சரியா இருந்தா மட்டும் போதாதுங்க. குறுக்களவு ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா அது கட்டம் இல்ல, சாஞ்ச கட்டம்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவாள். சொல்லிச் சொல்லியே அவளுக்குக் குறுக்களவு என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. அவள் தெருவுக்குள் நுழைந்தால் "குறுக்களவு வந்தாச்சு, நாயைக் கட்டு" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

கண்ணாடிக் கடை அவள் வீட்டுக்காரர் தொடங்கியது. கல்யாணமாகி ஒன்பதாவது வருடம், வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு பெரிய கண்ணாடி நழுவி அவருடைய வலது மணிக்கட்டைக் கிழித்தது. தையல் போட்டார்கள், காயம் ஆறியது, மூன்று விரல்கள் மட்டும் பிறகு மடங்கவே இல்லை. அவரால் இனி கண்ணாடி அறுக்கும் கட்டரைப் பிடிக்க முடியாது என்று தெரிந்த அன்று அவள் அதைக் கையில் எடுத்தாள். பள்ளியில் கணக்கில் இரண்டு தடவை கோட்டைவிட்டவள் அவள். வட்டமும் முக்கோணமும் வருகிற பக்கங்களைப் புரட்டாமலே படித்து முடித்தவள்.

முதல் மாதமே அடி பட்டது. ஊரின் மேற்கே, சரிவில் ஏறும் மூன்று தெருக்களில் எல்லாமே இரட்டை வீடுகள். நடுச்சுவர் ஒன்று, அதற்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் அதே வீடு, முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி. இரண்டிலும் மாடிப்படியோரம் ஒரு சாய்வான ஜன்னல். அவள் ஒரு வீட்டில் மட்டும் அளந்துகொண்டு வந்து, பூப்போட்ட கண்ணாடியில் ஒரே மாதிரி இரண்டு அறுத்துவிட்டாள். இரண்டாவது வீட்டில் அது உட்காரவில்லை. கவிழ்த்துப் போட்டால் உட்கார்ந்தது. ஆனால் பூ வெளிப்பக்கம் போய்விட்டது.

"எத்தனை விதமா சுத்திப் பார்த்தாலும் வரலைங்க" என்றாள் வீட்டுக்காரரிடம், அழுகையை அடக்கிக்கொண்டு.

"சுத்தினா எப்படி வரும்? வலது கால் செருப்பை எத்தனை சுத்து சுத்தினாலும் இடது காலுக்கு ஆகுமா?"

அந்த ஒரு பேச்சு அவளைப் பிடித்துக்கொண்டது. பழைய புத்தகக் கடையில் எட்டாம் வகுப்பு வடிவியல் புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கினாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அறுக்கும் மேசைமேல் செய்தித்தாளை விரித்து வடிவங்களை வெட்டுவாள். ஒரு மூலையில் ஊசி குத்திச் சுற்றுவாள். கோடு போட்டு அதன்மேல் கவிழ்ப்பாள். சுற்றாமல் கவிழ்க்காமல் அப்படியே தள்ளிவைப்பாள். எது எங்கே போய் நிற்கும் என்று முதலில் பென்சிலில் வரைந்துவிட்டு, பிறகு தாளை நகர்த்திச் சரிபார்ப்பாள். முதல் வருடம் பாதிக்குப் பாதி தப்பியது. மூன்றாம் வருடம் பென்சிலே தேவைப்படவில்லை. வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றியபடி, "பள்ளிக்கூடத்துல இந்த அக்கறை இருந்திருந்தா நீ இந்நேரம் என்னை எங்கே கட்டியிருக்கப்போற" என்பார்.

இப்படிப் பதினைந்து வருடம் போயிற்று. பதினான்கு நோட்டுகள் நிறைந்தன. ஊரில் அவள் டேப் படாத ஜன்னல் குறைவு.

மழைக்காலம் முடிந்து இரண்டு மாதம் ஆன சமயம். மூன்றாம் தெருவில், மேலிருந்து ஆறாவது வீட்டில் தனியாக இருந்த தையலக்கா ஆள் அனுப்பினாள். அறுபது வயது, துணி தைத்தே காலம் தள்ளியவள். முன்னறை ஜன்னலின் கண்ணாடி மேல் இடது மூலையிலிருந்து கீறலாக விரிந்திருந்தது.

"பந்து பட்டிருக்குமோ அக்கா?"

"பந்தும் இல்ல, பறவையும் இல்ல. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். தானா விட்டுச்சு."

நோட்டில் இருந்த பழைய அளவுக்கே அறுத்துக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் மறுபடியும் ஆள் வந்தது. அதே மூலை, அதே கீறல். பழுதான கண்ணாடி போலிருக்கிறது என்று வேறு கண்ணாடிக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். மூன்றாவது தடவை போனபோது, கண்ணாடி தானாக விடும் சத்தத்தை அவளே காதால் கேட்டாள்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். தெருவில் சத்தமே இல்லை. தையலக்கா டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். குறுக்களவு பின்னறையில் நின்று தண்ணீரைக் குடிக்கப்போனாள். அந்த அறை ஜன்னலில் இன்னும் பழைய கண்ணாடி நல்லபடியாக இருந்தது. அதற்குள்ளிருந்து, பல்லை மெல்ல நறநறவென்று கடிப்பதுபோல ஒரு ஓசை எழுந்தது. நின்றது. பிறகு 'டிங்' என்று ஒரே ஒரு சத்தம். மேல் இடது மூலையில் முடியளவு கோடு ஒன்று தோன்றி, அவசரமே இல்லாமல், விரல் நீளம் கீழே இறங்கி நின்றது.

யாரும் அதைத் தொடவில்லை. திரைச்சீலைகூட அசையவில்லை.

தையலக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "கேட்டியா? தினமும் இப்படித்தான். சொன்னா பைத்தியம்னு சொல்லுவாங்கன்னு பேசாம இருக்கேன். யாரோ இந்த வீட்டை வெளியிலேருந்து மெதுவா இழுக்கிறாங்க தங்கச்சி."

குறுக்களவு டம்ளரை ஜன்னல் படியில் வைத்தாள். பேயைப் பற்றிய பயம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. ஸ்டூலை ஜன்னலோரம் போட்டு ஏறினாள். டேப்பைக் குறுக்கே பிடித்தாள். ஒன்று நூற்றைம்பதரை சென்டிமீட்டர். மற்றது நூற்று நாற்பத்தொன்பதரை. மறுபடி பிடித்தாள். அதேதான்.

கடைக்கு வந்து ஏழாவது நோட்டைப் புரட்டினாள். அதே ஜன்னல், அவள் கையெழுத்து: நூற்றைம்பது, நூற்றைம்பது.

மறுநாள் காலையில் எந்த ஆர்டரும் இல்லாமலே மூன்றாம் தெருவுக்குப் போனாள். நடுத்தெருவில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். அத்தனை வருடம் ஒவ்வொரு ஜன்னலாகத் தனித்தனியே பார்த்தவள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது அன்றுதான். இருபத்திரண்டு வீடுகளின் ஜன்னல்களும் ஒரே பக்கம், சரிவின் கீழே இருக்கும் வறண்ட ஓடையின் பக்கம், கொஞ்சமே கொஞ்சம் தலையைச் சாய்த்திருந்தன. கீழே யாரோ பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பதுபோல இருந்தது. வீடுகளுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். விசாரித்தால் எல்லோரிடமும் ஒரு சின்னக் குறை இருந்தது. ஒருத்தி, "சுவர்ல மாட்டின படத்தைத் தினமும் காலையில நேரா வைக்கிறேன், மறுநாள் கோணிக்கிது" என்றாள். இன்னொருவர் வீட்டில் சாத்திய கதவு தானாகத் திறந்துகொள்கிறது. அவர் வீட்டுக் கிழட்டுப் பூனை ஒரு மாதமாக உள்ளே வருவதே இல்லை. வாசல்படியில் சோற்றைத் தின்றுவிட்டு ஓடிவிடுகிறது. எல்லோரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கட்டின தப்பா இருக்கும். கான்ட்ராக்டர் சிமெண்டைத் தின்னிருப்பான்" என்றார் வீட்டுக்காரர், அவள் வந்து சொன்னதும்.

அவள் மேசையில் ஒரு தாளை விரித்து இரட்டை வீடு ஒன்றை வரைந்தாள். நடுச்சுவர்மேல் தாளை மடித்தாள்.

"இங்க பாருங்க. இந்த வீட்டைக் கவிழ்த்தா அந்த வீடு. கட்டினதுல தப்புன்னா அதுவும் கவிழ்ந்துதானே வரணும்? இதுல ஜன்னல் இடது பக்கம் சாஞ்சா, அதுல வலது பக்கம் சாயணும். ஆனா பதினொரு ஜோடியிலயும் ரெண்டு வீட்டு ஜன்னலும் ஒரே பக்கம்தான் சாஞ்சிருக்கு."

அவர் டீயைக் கீழே வைத்தார். "அப்படின்னா?"

"தப்பு வீட்டுக்குள்ள இல்ல. வெளியிலேருந்து ஏதோ ஒண்ணு எல்லாத்தையும் ஒரே திசையில தள்ளுது."



மெல்லிய கண்ணாடியில் விரலகலத்துக்குப் பட்டைகள் அறுத்தாள். ஏழு வீடுகளில் சுவரிலும் மெல்லிய வெடிப்புகள் விட்டிருந்தன; அவற்றுக்குக் குறுக்கே, இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டினாள். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். அசைந்தால் இழுபட்டு உடையும். ஒன்பதாம் நாள் போய்ப் பார்த்தபோது ஏழும் உடைந்திருந்தன. தையலக்கா வீட்டுப் பட்டையின் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி.

அதன் பிறகுதான் முக்கோணம் போட முடிவு செய்தாள். சரிவின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி பாறைமேல் நிற்கிறது. அதன் தூண் ஒரு முனை. பள்ளிக்கூடச் சுவரோரம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கரும்பாறை இரண்டாவது முனை. மூன்றாம் தெருவின் முதல் விளக்குக் கம்பம் மூன்றாவது. மூன்று பக்கமும் தெரிந்தால் முக்கோணம் ஒன்றுதான், வேறு மாதிரி வரைய முடியாது. புத்தகத்தில் அவள் முதலில் புரிந்துகொண்ட பாடங்களில் அதுவும் ஒன்று. ஐம்பது மீட்டர் இரும்பு டேப்பை அவள் ஒரு முனையில் பிடிக்க, வீட்டுக்காரர் மடங்காத கையின் மணிக்கட்டில் வளையத்தை மாட்டிக்கொண்டு மறுமுனையில் நின்றார்.

"வெயிலுக்கு டேப்பே நீளும். அப்புறம் ஊரே நகருதுன்னு சொல்லாதே" என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது. ஆகவே ஒவ்வொரு புதன்கிழமையும் காலை ஏழு மணிக்கே அளந்தார்கள். தொட்டிக்கும் பாறைக்கும் நடுவே உள்ள தூரம் எந்த வாரமும் மாறவில்லை. தொட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவே முதல் வாரம் நாற்பத்தொரு மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். அடுத்த வாரம் அறுபத்து நான்கு. அதற்கடுத்த வாரம் அறுபத்தேழு.

மேசை நிறையக் காக்கித்தாள் ஒட்டி, ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று வரைந்தாள். அவ்வளவு பெரிய கவராயம் எங்கும் கிடைக்காது என்பதால் மரச்சட்டத்தில் ஆணி அடித்து, தொட்டிப் புள்ளியிலிருந்து ஒன்றும் பாறைப் புள்ளியிலிருந்து ஒன்றுமாக வளைகோடு போட்டாள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில், அதாவது கம்பம் நிற்கும் இடத்தில், ஊசியால் ஒரு புள்ளி. முதல் மூன்று வாரமும் ஊசி ஒரே துளையில்தான் இறங்கியது. ஐந்தாம் வாரம் துளை நீண்டது. ஏழாம் வாரம் அது துளையே இல்லை, தாளில் ஒரு கீறல். ஓடையை நோக்கி நேர்கோடாகப் போயிற்று. உண்மையில் பத்தொன்பது சென்டிமீட்டர். தெருவில் அத்தனை பேரும் தூங்கி எழுந்து, சமைத்து, சண்டை போட்டு, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போதே, ஒருவருக்கும் தெரியாமல் கிட்டத்தட்ட ஒரு சாண் தூரம் போய்விட்டிருந்தார்கள்.

நகராட்சி அலுவலகத்தில் முதல் இரண்டு தடவை குமாஸ்தாவைத் தாண்ட முடியவில்லை. "மண்ணுன்னா உக்காரத்தான்மா செய்யும்" என்றார் அவர். மூன்றாவது தடவை காக்கித்தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பொறியாளர் அம்மாள் காரிலிருந்து இறங்கும் இடத்திலேயே நின்றாள். பொறியாளர் தாளைக் காரின் முன்பக்கம் விரித்துப் பார்த்தார். எண்களைப் பார்த்தார். நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இதை யார் போட்டது?"

"நான்தான் மேடம். ஜன்னலுக்குக் கண்ணாடி போடறவ."

"எங்கே படிச்சீங்க?"

"கடையில."

பொறியாளர் சிரிக்கவில்லை. கீறலின் மேல் விரலை வைத்தபடி கேட்டார்: "கடைசி ரெண்டு வாரத்துல வேகம் கூடியிருக்கு, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். அதனாலதான் இங்கேயே நின்னேன்."

அன்று மாலையே ஆட்கள் கருவிகளோடு வந்தார்கள். நான்காம் நாள் தெருவைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். சிலர் அவளைத் திட்டினார்கள். படம் கோணிக்கொள்கிறது என்று சொன்ன அதே பெண் முகத்துக்கு நேராக, "நீ அளக்க ஆரம்பிச்ச பிறகுதான் எல்லாம் வந்துச்சு" என்றாள். வண்டிகள் வந்தன, கட்டில்களும் பீரோக்களும் இறங்கின. பத்து நாளில் இருபத்தொரு வீடுகள் பூட்டப்பட்டன.

தையலக்கா மட்டும் போகவில்லை. "யார் இழுக்கிறாங்கன்னு தெரியணும் இல்ல?" என்றாள். அது வேடிக்கைக்குச் சொன்னதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குறுக்களவு கெஞ்சிப் பார்த்தாள், கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கடைசியில், செவ்வாய்க்கிழமை வண்டியோடு வருவேன், மெஷினை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. மழை இல்லை, காற்று இல்லை, நல்ல வெயில். அவளும் வீட்டுக்காரரும் வண்டியோடு தண்ணீர்த் தொட்டிக்கு அருகே வந்தபோது, தெருநாய்கள் எல்லாம் பாறைமேல் ஏறி வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் குரைக்கவில்லை. அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கனமான மரப்பெட்டியைத் தரையோடு இழுப்பதுபோல ஒரு உராய்வு, அவ்வளவுதான். அவர்கள் கண்முன்னே மூன்றாம் தெரு கிளம்பிற்று. வீடுகள் இடியவில்லை. கூரைகள் சரியவில்லை. வீடு, மதில், மரம், விளக்குக் கம்பம், கொடியில் யாரோ எடுக்க மறந்த ஒரு சட்டை, எல்லாம் சேர்ந்து, ஒன்றுக்கொன்று இருந்த இடைவெளி மாறாமல், கீழ்நோக்கி வழுக்கிப் போயின. ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான். பிறகு அப்படியே நின்றன. தெருவின் தலைமாட்டில் ஈர மண் வெட்டவெளியாகத் தெரிந்தது. அதிலிருந்து லேசாக ஆவி எழுந்தது.

வீட்டுக்காரர், "அக்கா" என்று மட்டும் சொன்னார். அதற்குள் அவள் ஓட ஆரம்பித்திருந்தாள்.

ஆறாவது வீட்டின் கதவு திறந்திருந்தது. தையலக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்குக் கீழே பாதி தைத்த துணி. மேசையில் டீ, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. முகம் மட்டும் வெள்ளைத்தாளாக இருந்தது. ஜன்னலைக் கையால் காட்டினாள்.

"தையல் போட்டுக்கிட்டு இருந்தேன் தங்கச்சி. நிமிர்ந்து பார்த்தா வேற மரம் நிக்குது."

ஜன்னலுக்கு வெளியே, இத்தனை வருடம் நின்ற வேம்பு இல்லை; அது நகராத கெட்டி நிலத்தில் மேலேயே தங்கிவிட்டது. அதே நிலத்தில் கொஞ்சம் கீழே இருந்த மூங்கில் புதர் கண்ணாடியை உரசிக்கொண்டு நின்றது. அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தார்கள். மெஷினை எடுக்க நகராட்சி விடவில்லை. அன்று மாலை பொறியாளர் அளந்து சொன்னார்: பதினொரு மீட்டர் நாற்பது.

தெருவைச் சுற்றி வேலி போட்டார்கள். வீடுகள் இன்னும் அங்கேயே, போய் நின்ற இடத்தில் நிற்கின்றன. யாரும் உள்ளே போவதில்லை. உயிர்ச்சேதம் இல்லை என்று பத்திரிகையில் இரண்டு பத்தி வந்தது. ஒரு கண்ணாடிக் கடைப் பெண்மணி என்று அவளைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. திட்டிய பெண் கடைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. முதல் இரண்டு தெருக்களில் அவள் டேப்போடு போனால் சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "அளவெல்லாம் வேண்டாம், சும்மா ஒரு கண்ணாடி மாட்டிட்டுப் போங்க" என்று ஒரு பெரியவர் வாசலை மறித்துக்கொண்டு சொன்னார். குறுக்களவு என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். முதலில் அது அவளுக்கு வருத்தமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. நகராட்சி மற்ற சரிவுகளை மாதம் ஒருமுறை அளக்க அவளையும் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்காரர் வளையத்தை மாட்டிக்கொண்டு கூடவே போகிறார்.

தையலக்கா கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். சமதரை, கெட்டியான மண். புது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். பகலில் சாதாரணமாகத்தான் இருப்பாள். பேச்சு நடுவே சட்டென்று கையைத் தரையில் வைத்துப் பார்ப்பாள். "இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கு. உங்களுக்கெல்லாம் தெரியல" என்பாள். அவள் மனம் ஆறட்டும் என்று குறுக்களவு வெள்ளிக்கிழமைதோறும் அந்த அறையின் ஜன்னலை அளந்து சொல்வாள். தையலக்கா கட்டிலில் உட்கார்ந்து, டேப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்ன சொல்லுது?"

"அப்படியேதான் இருக்குக்கா."

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் அளந்தாயிற்று. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு குறுக்களவுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. டேப்பின் முனைக்கொக்கி தேய்ந்திருக்கலாம். ஸ்டூலில் சரியாக நிற்காமல் இருந்திருக்கலாம். அவள் நோட்டில் எழுதாமல், கீழே இறங்கி, டேப்பைச் சுருட்டினாள்.

"என்ன சொல்லுது?"

"அப்படியேதான் இருக்குக்கா."

தையலக்கா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, தையலக்கா நூல் வாங்க வெளியே போன நேரம் பார்த்து, குறுக்களவு வேறு டேப்போடு போய் அளந்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமையும் போனாள்.